பெரியவர் பேசி முடித்த மறுநாள்

கொழும்பில் ஒரு கம்பனி ஏதோ பெரிதாகச் செய்யப் போகிறது என்பது முதலில் பெரியவரின், அதாவது கம்பனித் தலைவரின், டிரைவருக்குத்தான் தெரியும். வழக்கமாக யூனியன் பிளேஸில் இருந்து நேரே வீட்டுக்குப் போகிற கார், திடீரென்று பின்னேரம் ஏழு மணிக்கு ஒரு சட்டத்தரணிகள் நிறுவனத்தின் வாசலில் போய் நிற்கும். ஒன்பது மணியானாலும் அசையாது. அடுத்ததாக, போர்ட் ரூமுக்குத் தேநீர் கொண்டுபோகிறவருக்குத் தெரியும். அவர் கதவைத் திறந்ததும் உள்ளே பேச்சு நின்றுவிடும், யாரோ ஒருவர் அவசரமாக லப்டொப்பை மூடுவார். இரண்டொரு நாளில் கணக்குப் பிரிவில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, “எங்களை விக்கப் போயினமாம், உண்மையோ?” என்று கேட்பார். மனிதவளப் பிரிவினர் எவரும் சேர்க்கப்படாத அந்த வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவே வாங்கப் போகிறவரின் பெயரும் வந்துவிடும். பணிப்பாளர் சபை இன்னும் கையெழுத்தே வைத்திருக்காது.

நான் பல வருடங்கள் நிதி நிறுவனங்களிலும், அப்புறம் ஓர் ஆலோசனை நிறுவனத்திலும், ‘உள்தொடர்பு’ என்ற பெயர்ப்பலகையின் கீழ் வேலை பார்த்தவள். பெரியவர்கள் ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. எழுதிக் கொடுத்த பேச்சுகளைப் பற்றி எனக்குப் பெரிய பெருமை ஒன்றும் கிடையாது. பெரியவர் என்னதான் பேசினாலும், மறுநாள் காலையில் தன்னுடைய நேரடி மெனேஜர் என்ன சொல்கிறார் என்பதை வைத்துத்தான் ஊழியர் முடிவுக்கு வருகிறார். மேடைக்குச் செலவழிக்கிற நேரத்தில் கால்வாசியைக்கூட அந்த மெனேஜருக்குக் கொடுக்காத கம்பனிகளே எங்கள் ஊரில் அதிகம்.

மௌனத்துக்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி என்றால், பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய செய்தியைச் சந்தைக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். அதற்கு முன் உள்ளே நூறு பேருக்குச் சொல்லி, அதில் ஒருவர் போய்ப் பங்கு வாங்கினால் விவகாரம் 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டம்வரை போகும். ஆகவே முன்கூட்டியே சொல்லவில்லை என்று கோபப்படுவதில் பயனில்லை. ஆனால் சந்தை காலை 9.30க்குத்தான் திறக்கிறது. அதற்கு முன் அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, அடுத்த அரை மணி நேரத்துக்குள் ஊழியர்களைக் கூப்பிட எந்தச் சட்டமும் தடையில்லை. அப்படிச் செய்கிறார்களா? நான் பார்த்தவரை பெரும்பாலும் இல்லை. காலையில் அறிவிப்பு போகும், மாலை நான்கு மணிக்குக் கூட்டம் வைப்பார்கள். இடையில் வீட்டிலிருந்து மனைவி போன் எடுத்து, “உங்கட கம்பனியைப் பற்றி நியூஸ் போகுது, என்னப்பா நடக்குது?” என்று கேட்ட பிறகுதான் தான் வேலை செய்யும் இடம் கைமாறியது ஒருவருக்குத் தெரியவரும். அந்த ஆறேழு மணி நேரத்தில் போகிற நம்பிக்கையைத் திரும்பப் பிடிக்க மாதங்கள் ஆகும்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. கொழும்பு ஊழியர்களில் அதைப் பிரிவு இலக்கத்தோடு சொல்லக்கூடியவர்கள் உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். அதனால்தான் இங்கே ஆட்குறைப்பு எப்போதும் சுயவிருப்ப ஓய்வுத் திட்டம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. பெரியவர்கள் மறந்துவிடுகிற விஷயம் இதில் ஒன்று: ஊழியரின் கையெழுத்து அவர்களுக்குத் தேவை. கையெழுத்து போட வேண்டியவருக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அவர் பேனாவை எடுக்க மாட்டார்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். நட்சத்திர ஹோட்டல் மண்டபம். வாசலில் மினி ரோல்ஸ், கட்லட், ஐஸ் கோப்பி. திரையில் மேல்நோக்கிப் போகும் அம்புக்குறி, ஐந்தாண்டுத் திட்டம், நான்கு தூண்கள். (தூண்கள் ஏன் எப்போதும் நான்காகவே இருக்கின்றன என்று ஓர் ஆலோசகரிடம் கேட்டேன். சிலைடில் அழகாகப் பொருந்துமாம்.) பெரியவர் நாமெல்லாம் ஒரு குடும்பம் என்கிறார். எனக்கு முன்வரிசையில் கணக்குப் பிரிவு அண்ணை ஒருவர் ஷோர்ட் ஈட்ஸ் வைத்துக் கொடுத்த கடதாசியின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். குறிப்பு எடுக்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். 84,000 என்று எழுதி, பாதியாக்கி 42,000, அதைப் பதினேழால் பெருக்கி 7,14,000 என்று கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். பணிக்கொடைக் கணக்கு. ஐந்து வருடம் முடித்தவருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். அதன் பக்கத்தில் ஈபிஎஃப் என்று எழுதி ஒரு கேள்விக்குறி. மாதாமாதம் தன் சம்பளத்தில் எட்டு வீதம், கம்பனி போடும் பன்னிரண்டு வீதம், அதில் வீட்டுக்காக ஏற்கெனவே எடுத்தது போக மிச்சம் எவ்வளவு என்பது அவருக்கு அந்த இடத்தில் தெரியவில்லை போலும். மேடையில் மூன்றாவது தூண் போய்க்கொண்டிருந்தது.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தன் கதிரை இருக்குமா என்று தெரியாத மனுசனிடம் ஐந்தாண்டுத் திட்டத்தை விளக்கினால் காதில் ஏறாது. முதலில் கதிரை, அப்புறம் தூண். பெரியவர்கள் இந்த வரிசையை எப்போதும் தலைகீழாக்குகிறார்கள், ஏனென்றால் அவர்கள் மாதக்கணக்காக உள்ளே இருந்து யோசித்து, கலங்கி, தெளிந்து வெளியே வந்திருக்கிறார்கள். தங்கள் கலக்கம் முடிந்த இடத்திலிருந்து பேச ஆரம்பிக்கிறார்கள். கேட்பவருக்கு அது அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

இந்த விஷயத்தில் நோக்கியாவின் கதை எனக்கு மறப்பதில்லை. 2011 பெப்ரவரியில் அதன் தலைவராக இருந்த ஸ்டீபன் எலப் ஊழியர்களுக்கு எழுதிய நீண்ட கடிதம் வெளியே கசிந்தது. வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்று தீப்பிடித்து எரிகிறது, அதில் நிற்கிறவன் உறைபனிக் கடலுக்குள் குதிக்க வேண்டும், நாமும் எரிகிற மேடையில்தான் நிற்கிறோம் என்பது கடிதத்தின் சாரம். நேர்மையான கடிதம்தான், எழுத்தும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கே குதிப்பது என்பது பெப்ரவரி 11 அன்று, மைக்ரோசொஃப்டோடு கூட்டுச் சேர்கிறோம் என்று அறிவிக்கும்வரை ஊழியருக்குத் தெரியாது. அதற்குள் உலகமே கடிதத்தை வாசித்துவிட்டது. நோக்கியாவின் பழைய மென்பொருளான சிம்பியன் போட்ட போன்களைக் கடையில் அன்றைக்கும் விற்றுக்கொண்டிருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 2014இல் நோக்கியாவின் போன் பிரிவு மைக்ரோசொஃப்டின் கைக்குப் போனது. அந்த ஜூலையில் அதே எலப் இன்னொரு கடிதம் எழுதினார். இந்த முறை தீயும் இல்லை, கடலும் இல்லை. சுகம் விசாரிப்பதுபோல ஆரம்பித்து, தயாரிப்புத் திட்டங்களைப் பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு போய், வெகு கீழே சுமார் 12,500 பேருடைய வேலை போகும் என்ற செய்தியை வைத்தார். முதல் கடிதத்தில் பயம் அதிகம், இரண்டாவதில் சர்க்கரை அதிகம். இரண்டில் எதை மன்னிப்பேன் என்று கேட்டால் முதலாவதைத்தான்.

இனி வெள்ளவத்தைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிதி நிறுவனம் தன் கிளைகளை ஒன்றுசேர்க்க முடிவெடுத்தது. பின்னேரம் பெரிய கூட்டம் நடந்தது. மறுநாள் காலை, ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ‘பார்த்துவர’ என்னை வெள்ளவத்தைக் கிளைக்கு அனுப்பினார்கள். ஒன்பது மணி ஆகவில்லை. ஷட்டர் பாதி திறந்திருந்தது. வெளியே காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்கள் ஹோர்ன் அடித்தபடி ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. கிளை மெனேஜர் எல்லோரையும் நகை அடகு கவுண்டருக்கு முன்னால் கூப்பிட்டார். காவலுக்கு நிற்கும் ஐயாவையும் தேநீர் ஊற்றும் அக்காவையும்கூட. தராசை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு ஒரு சிஆர் கொப்பியைத் திறந்தார்.

“நேற்றுச் சொன்னது விளங்கிச்சுதோ இல்லையோ, நான் திருப்பிச் சொல்லுறன். இந்த பிராஞ்ச் பூட்டுப்படேல்லை. அடகுப் பகுதி மட்டும் பம்பலப்பிட்டிக்குப் போகுது. ஆர் ஆர் போறதெண்டு இன்னும் முடிவாகேல்லை. வெள்ளிக்கிழமை சொல்லுறம் எண்டிருக்கினம். சொல்லாட்டில் நானே போன் எடுத்துக் கேட்டு உங்களுக்குச் சொல்லுவன்.”

அதையே சிங்களத்திலும் சொன்னார். மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். அப்புறம் கேள்விகள் வந்தன. முந்தின நாள் மண்டபத்தில் ஒலிவாங்கியைக் கொண்டு வரிசை வரிசையாகப் போனபோது வாயே திறக்காத அதே ஆட்கள்.

“சேர், அலவன்ஸ் குறையுமோ?”

“சம்பளம் குறையாது. அலவன்ஸ் எனக்குத் தெரியாது, தங்கச்சி. கேட்டுச் சொல்லுறன்.” கொப்பியில் எழுதி, பக்கத்தில் அவள் பெயரையும் போட்டார்.

அப்போது அடகு கவுண்டரில் இருக்கும் பிள்ளை கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. “நகை வைச்ச ஆக்கள் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

இந்தக் கேள்வி தலைமையகத்தில் ஒருவருக்கும் வரவில்லை. எனக்குத் தெரியும், கேள்வி-பதில் தாளைத் தயாரித்த அறையில் நானும் இருந்தேன். முதலீட்டாளர், பத்திரிகை, ஒழுங்குமுறை அதிகாரிகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருந்தது. தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு, கிளை மாறுதாம் என்று காதில் விழுந்து பதறிக்கொண்டு வருகிற அம்மாவுக்கு ஒரு வரிகூட இல்லை. மெனேஜர் கொஞ்சம் யோசித்தார். “நகை இப்ப இஞ்சதான் பத்திரமா இருக்கு, மாத்தேக்க முதலே அறிவிப்பம் எண்டு சொல்லுங்கோ. அதுக்கு மேல ஆரும் கேட்டால் என்னட்டை அனுப்புங்கோ.” கவுண்டர் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஷட்டர் முழுதாகத் திறந்தது.

அந்த மெனேஜர் பிறவிப் பேச்சாளர் ஒன்றும் இல்லை. கூட்டம் முடிந்த அன்றிரவே பிராந்திய முகாமையாளர் தன் கீழ் உள்ள கிளை மெனேஜர்கள் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டியிருந்தார். சிலைட் கிடையாது. உங்கள் ஆட்கள் நாளைக்கு உங்களிடம் கேட்கக்கூடிய மோசமான கேள்வியைக் கேளுங்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்க வைத்தார். தெரிந்ததற்குப் பதில் சொன்னார், தெரியாததற்குத் தலைமையகத்துக்கு அங்கிருந்தே போன் எடுத்தார். தலைமையகம் கேட்டு நடந்த வேலை இல்லை அது, பிராந்திய முகாமையாளரான அந்த அம்மா தானாகச் செய்தது. அவருடைய பிராந்தியத்துக்கு வெளியே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தலைமையகத்திலேயே கணினிப் பிரிவில், மேற்பார்வையாளர் தன் ஆட்களிடம், “எனக்கும் உங்களுக்குத் தெரிஞ்சதுதான் தெரியும்” என்று கையை விரித்துவிட்டார். பாவம், அது உண்மை. ஆனால் ஒரு குழு உடைவதற்கு அந்த ஒரு வசனம் போதும். கைதேர்ந்தவர்கள்தான் முதலில் போவார்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் வெளியே வேலை கிடைக்கும்.

டி.ஜே. லார்கின், சாண்டார் லார்கின் என்ற தொடர்பாடல் ஆலோசகர்கள் இருவர் 1990களிலேயே இதை அடித்துச் சொன்னார்கள்: முன்வரிசை ஊழியருக்குப் போக வேண்டியதை அவருடைய மேற்பார்வையாளர் மூலமாக, நேருக்கு நேர் சொல்லுங்கள், வீடியோவும் பெரிய கூட்டமும் வேலைக்கு ஆகாது என்று. கொழும்பு மேசைகளில் அவர்களைவிட அதிகம் அடிபடுகிற பெயர் ஹாவர்ட் பேராசிரியர் ஜோன் கொட்டர். மாற்ற முயற்சிகள் தோற்பதற்கு அவர் 1995இல் எட்டுத் தவறுகளைச் சொன்னார். நோக்கத்தைத் தேவையானதைவிடப் பத்து மடங்கு குறைவாக எடுத்துச் சொல்வது அதில் ஒன்று. இதை எங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். லிஃப்டில் போஸ்டர், கணினித் திரையில் வாசகம், மேசைக்கொரு மக். சொன்னதையே பத்து மடங்கு சத்தமாகச் சொன்னால் போதும் என்று அர்த்தப்படுத்திக்கொண்டார்கள். அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: முக்கியமானவர்களின் நடத்தை அவர்களுடைய பேச்சுக்கு மாறாக இருந்தால் அதைப்போல மாற்றத்தைக் கெடுப்பது வேறில்லை. அது யாருடைய சிலைடிலும் ஏறுவதில்லை. செலவைக் குறைக்கிறோம் என்று ஊழியர்களின் தேநீரை நிறுத்திய மாதத்திலேயே பணிப்பாளர் ஒருவரின் அறைக்குப் புதுத் தளபாடம் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதம் எந்த போஸ்டரையும் ஒருவரும் வாசிக்கவில்லை.

மெனேஜர் சொன்னதில் எனக்கு மிகப் பிடித்தது ‘இன்னும் முடிவாகேல்லை, வெள்ளிக்கிழமை’ என்ற பகுதி. பெரியவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. தலைவர் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு. எங்கள் நாட்டில் திட்டம் போட்டவரே பாதியில் மாறிவிடுகிறார் என்பதை யோசித்தால், அடித்துச் சொல்வதுதான் ஆபத்து. 2014 ஜனவரியில் மத்திய வங்கி நிதித்துறையை ஒருங்கிணைக்கும் திட்டத்தை அறிவித்தது. சிறிய நிதி நிறுவனங்கள் பெரியவற்றோடு சேர வேண்டும் என்றார்கள். டிஎஃப்சிசி, என்டிபி வங்கிகளின் இணைப்பு பற்றிப் பெரிதாகப் பேசப்பட்டது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது, அந்த இணைப்பு கைவிடப்பட்டது. டிஎஃப்சிசி அந்த ஒக்டோபரில் தன் துணை வங்கியான வர்தன வங்கியோடு சேர்ந்துகொண்டது. அந்த ஒரு வருடமும் ‘நாங்கள் யாரோடு?’ என்ற கேள்வியோடு வேலைக்கு வந்த நிதி நிறுவன ஊழியர்கள் இந்த நகரத்தில் எத்தனையோ பேர். மின்சார சபையும் அப்படித்தான். 1969இல் தொடங்கிய சபையைப் பிரிக்கும் சட்டம் 2024இல் வந்தது, ஆட்சி மாறி 2025இல் திருத்தமும் வந்தது. இப்படிப்பட்ட ஊரில், இது முடிந்தது, இது முடியவில்லை, அடுத்து இந்தத் திகதியில் சொல்வோம் என்று பிரித்துச் சொல்வதைவிட நேர்மையான பேச்சு இருக்க முடியாது. அந்தத் திகதியில் சொல்ல ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்றாவது வந்து சொல்ல வேண்டும்.

இன்னொரு கம்பனியில் கிளைதோறும் கேள்விகளைப் பெயரில்லாமல் எழுதி வாங்கி, வாராவாரம் பதில் போட்டோம். திட்டத்தின் நோக்கம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மருதானைக்கு மாறினால் பாணந்துறைக்காரர் எந்த ரயிலைப் பிடிப்பது, பிள்ளையை டேகெயாரில் ஆறு மணிக்குப் பிறகு யார் பார்ப்பது, இப்படித்தான். அதிகம் வந்தது ஊழியர் கடன் பற்றிய கேள்வி. நிதித்துறையில் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் சலுகை வட்டியில் வீட்டுக்கடன் எடுத்தவர்கள். வேலையை விட்டால் சலுகை போய்ச் சந்தை வட்டி வரும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக ஏழு வீதப் புள்ளிகள் உயர்த்தி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை 14.50 வீதமாக்கிய காலம் அது. ஓய்வுத் திட்டப் பணம் கையில் வந்தாலும் வீட்டுத் தவணை கழுத்தை இறுக்கும் என்ற பயம் நியாயமானது. திட்டத்தை வரைந்தவர்கள் நட்டஈட்டுத் தொகையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊழியர் பார்த்தது கடனை. இருக்கிற கடனுக்கு இரண்டு வருடம் பழைய வட்டி தொடரும் என்று அறிவித்த பிறகுதான் விண்ணப்பங்கள் வரத் தொடங்கின.

போகிறவர்களுக்குச் சொல்கிற விதத்தை இருக்கிறவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள் என்பதும் உண்டு. 2022 மார்ச் 17 அன்று பிரித்தானியாவின் பி அன்ட் ஓ ஃபெரிஸ் கம்பனி கிட்டத்தட்ட 800 மாலுமிகளை முன்கூட்டியே பதிவு செய்த வீடியோ மூலம் வேலையிலிருந்து நீக்கியது. தொழிற்சங்கங்களோடு பேச வேண்டும் என்ற சட்டக் கடமையைத் தெரிந்தே மீறினோம் என்று அதன் தலைவர் பாராளுமன்றக் குழுவின் முன்னால் ஒப்புக்கொண்டார். எங்களுடைய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திட்டாத முதலாளி கொழும்பில் குறைவு. எனக்கு அதில் ஒரு நன்மை தெரிகிறது. கையெழுத்து வாங்க வேண்டியிருப்பதால், குறைந்தபட்சம் ஒரு முறையாவது எதிரே உட்கார்ந்து பேச வேண்டி வருகிறது.

சென்ற மாதம் ஒரு கம்பனி என்னைக் கூப்பிட்டது. இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கப் போகிறார்களாம். தலைவரின் பேச்சு வேண்டும், அதோடு எட்டு நிமிட வீடியோ, துறைமுக நகரத்துக்கு மேலே ட்ரோன் பறக்கிற காட்சியோடு. மும்மொழியிலும் வேண்டும், நல்ல விஷயம். பிரிவுத் தலைவர்களோடும் கிளை மெனேஜர்களோடும் உட்கார்ந்து பேச எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கம்பனி சார்பில் என்னோடு பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“அவைக்கு ஈமெயில் போட்டால் காணும்தானே, மிஸ்?”